பொது உலகத்தில் கதை எழுதுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரே கற்பனை உலகத்தில் பலர் சேர்ந்து கதை எழுதும் குழுக்களில் எழுத்தாளராகவும் பொறுப்பாசிரியராகவும் இருந்து வருகிறேன். புதிதாக யார் வந்தாலும், எந்தக் குழுவில் மனக்கசப்பு வந்தாலும், கேள்விகள் கிட்டத்தட்ட இவைதான். அதனால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன்.

உதாரணம் சொல்ல ஓர் உலகம் வேண்டுமே என்று இந்தப் பக்கத்துக்காகவே ஒன்றை உண்டாக்கினேன். பெயர் மதகூர். ஏழு மதகுகள் கொண்ட துறைமுக நகரம். அங்கே ஒரே ஓர் அதிசயம்தான் உண்டு: ஒருவர் இறந்து ஓராண்டுக்குள் அவர் பெயரை உரக்கச் சொன்னால் அது அவர் காதில் விழும். அவரால் பதில் சொல்ல முடியாது. அந்த ஊரில் வேம்பி என்று ஒரு படகோட்டி இருக்கிறாள். கீழே இந்த ஊரையும் வேம்பியையும் அடிக்கடி சந்திப்பீர்கள்.

பொது உலகம்னா என்ன? நாலு பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதுறதா?

இல்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு நாவல் எழுதினால் கதை ஒன்று, கை நாலு. பொது உலகத்தில் கதைகள் பல. ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆசிரியர் இருக்கிறார். ஊர், வரலாறு, இயற்கை விதி, சில பாத்திரங்கள் ஆகியவைதான் பொது. நீங்கள் எழுதும் மதகூர்க் கதையில் இடிந்த மூன்றாம் மதகு, நான் எழுதும் கதையிலும் இடிந்தே இருக்கும்.

சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் கதையின் ஒரு வரி என் கதைக்குள் நிஜமாகிவிடுகிறது. அந்த வரியை எழுத உங்களுக்கு எவ்வளவு உரிமை, அதைத் தடுக்க எனக்கு எவ்வளவு உரிமை என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் பேசும் விஷயம்.

இதெல்லாம் இணையம் வந்த பிறகு வந்த பழக்கம்தானே?

அதற்கு வெகு முன்பே இருந்தது. ஆங்கில எழுத்தாளர்களான சார்லட், எமிலி, ஆன் ஆகிய சகோதரிகளும் அவர்கள் சகோதரர் பிரான்வெல்லுமாக பிராண்டி (Brontë) குடும்பத்துப் பிள்ளைகள் நால்வர், 1826-இல் வீட்டுக்கு வந்த மரப் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஒரு கற்பனை நாட்டைத் தொடங்கி, வளர்ந்த பிறகும் அதில் எழுதினார்கள். 1930-களில் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்டும் அவருடைய எழுத்தாள நண்பர்களும் ஒருவர் உண்டாக்கிய தெய்வங்களையும் நூல்களையும் இன்னொருவர் தாராளமாக எடுத்தாண்டார்கள். 1979-இல் ராபர்ட் ஆஸ்பிரின் தொகுத்த 'தீவ்ஸ் வேர்ல்டு' ஒரே நகரத்தில் பல எழுத்தாளர்களை இறக்கியது. 1987-இல் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் பொறுப்பில் பலர் எழுதும் 'வைல்டு கார்ட்ஸ்' தொடர் தொடங்கியது. இணையத்தில் பிறந்தவற்றில் பெரியது 2007-இல் ஒரு சிறு பதிவாக முளைத்த 'எஸ்சிபி ஃபவுண்டேஷன்' என்ற திகில் கதைத் தளம்.

இவை ஒவ்வொன்றும் கட்டுப்பாட்டையும் சுதந்திரத்தையும் வேறு வேறு விதமாகப் பங்கிட்டவை. அதனால்தான் பெயர் சொல்கிறேன். தேவைப்படும் இடத்தில் திரும்ப வருவேன்.

நாங்க அஞ்சு பேரும் நெருங்கிய நண்பர்கள். எங்களுக்குள்ள விதி எதுக்கு?

நட்பு இருக்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள் என்பதுதான் என் பதில். சண்டை வந்த பிறகு எழுதும் விதி யாரோ ஒருவரைக் குறிவைத்து எழுதியதாகத்தான் தெரியும்.

ஐந்து பேருக்கு அரைப் பக்கம் போதும். மூன்று கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும். கருத்து ஒத்துப்போகாதபோது யார் முடிவெடுப்பார்? ஒருவருடைய பாத்திரத்தை இன்னொருவர் எந்த அளவுக்குத் தொடலாம்? ஒருவர் விலகினால் அவர் எழுதியது என்னாகும்? மற்றதெல்லாம் எழுத எழுதத் தானாகத் தெரியவரும்.

எங்க கையேடு இப்பவே 80 பக்கம். இன்னும் எதை எல்லாம் சேர்க்கணும்?

சேர்க்க வேண்டாம், குறையுங்கள். உலகத்தின் விதிகளை எழுதி வைக்கும் கையேடு நீள்வதற்குக் காரணம் பெரும்பாலும் பயம். வருகிறவர் எதையாவது கெடுத்துவிடுவாரோ என்று ஒவ்வொரு தெருவுக்கும் பெயர், ஒவ்வொரு குடும்பத்துக்கும் வம்சாவளி என்று எழுதிக்கொண்டே போகிறோம். அதைப் படித்து முடிப்பவருக்கு, தான் எழுத இங்கே எதுவும் மிச்சமில்லை என்ற எண்ணம்தான் மிஞ்சும்.

ஒவ்வொரு வரியையும் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வரி இல்லாவிட்டால் இரண்டு கதைகள் மோதிக்கொள்ளுமா? மோதும் என்றால் அது விதி, கையேட்டில் இருக்கட்டும். மோதாது என்றால் அது யாரோ எழுத வேண்டிய கதை. 'விருப்பமிருந்தால் எடுத்துக்கொள்ளலாம்' என்று தலைப்பிட்டுத் தனிக் கோப்பில் போட்டுவிடுங்கள். 80 பக்கம் பத்துக்குள் வந்துவிடும்.

விதி எப்படி எழுதறதுன்னே புரியல. ஒண்ணு எழுதிக் காட்டுங்களேன்.

மதகூரின் ஒரே அதிசயத்துக்கு இப்படி எழுதலாம்:

"பெயர் அழைத்தல். இறந்து ஓராண்டுக்குள் ஒருவர் பெயரை உரக்கச் சொன்னால் அவர் கேட்பார், பதில் வராது. எங்கிருந்து கேட்கிறார், கேட்டு என்ன நினைக்கிறார் என்பதை எந்தக் கதையும் உறுதிப்படுத்தக் கூடாது. இதைப் பற்றி மதகூர் மக்கள் எதை வேண்டுமானாலும் நம்பலாம், எப்படி வேண்டுமானாலும் சடங்கு செய்யலாம், நம்பாமலும் இருக்கலாம்."

மூன்றே வாக்கியம், ஆனால் வேலை மூன்று வகை. முதல் வாக்கியம் பூட்டு. இரண்டாவது ஒரு மர்மத்தைக் காக்கிறது. எல்லோருக்கும் பொதுவான புதிரை ஒருவர் விடுவித்துவிட்டால் மற்றவர்களுக்கு அந்தப் புதிரே இல்லாமல் போய்விடும் என்பதால் இப்படி ஒரு வாக்கியம் மிக அவசியம், பல குழுக்கள் விட்டுவிடுவதும் இதைத்தான். மூன்றாவது, கதவைத் திறந்து வைக்கிறது. 'கூடாது' என்று முடியும் ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் 'செய்யலாம்' என்று ஒரு வாக்கியம் எழுதப் பழகுங்கள். வருகிறவர் கை தானாகப் பேனாவைத் தேடும்.

சரி, எதைப் பூட்டணும், எதைத் திறந்து விடணும்?

கட்டுப்பாடு உலகத்தின்மேல் இருக்கட்டும், கதையின்மேல் வேண்டாம். என்னிடம் உள்ள பதிலின் சாரம் இவ்வளவுதான். இதற்குப் பிறகு வரும் பதில்களில் பாதி இதிலிருந்துதான் வருகின்றன.

உலகம் என்றால் சரிபார்க்கக்கூடிய உண்மைகள். வரைபடம், காலவரிசை, யார் உயிரோடு இருக்கிறார், அதிசயம் எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதற்கு என்ன விலை. கதை என்றால் அந்த உண்மைகளுக்கு நடுவே மனிதர்கள் என்ன செய்கிறார்கள், என்ன நினைக்கிறார்கள், எந்தக் குரலில் சொல்லப்படுகிறது, கடைசியில் அதற்கு என்ன அர்த்தம் என்பதெல்லாம். மூன்றாம் மதகு எந்த ஆண்டு இடிந்தது என்பதைக் குழு தீர்மானிக்கலாம். இடிந்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது என்பதை எழுதுபவர் தீர்மானிக்கட்டும். மூன்று கதைகள் மூன்று பேரைக் குற்றம் சொன்னால் அந்த ஊர் மூன்று மடங்கு உயிரோடு இருக்கும்.

இவ்வளவு கட்டுப்பாடு வச்சா கற்பனை வறண்டு போகாதா?

இந்தக் கேள்விக்கு நம் மொழியிலேயே பதில் இருக்கிறது. சங்க அகப்பாடல்களை ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலங்கள் முன்பே வகுக்கப்பட்டவை. எந்த நிலத்துக்கு எந்தப் பூ, எந்தப் பறவை, எந்தப் பொழுது, எந்த உணர்வு என்பதும் முடிவானது. பாத்திரங்கள் தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இதற்குள் நின்றுதான் குறுந்தொகையில் மட்டும் 200-க்கும் மேற்பட்ட புலவர்கள் 400 பாட்டு பாடியிருக்கிறார்கள். ஒரு தோழி பேசுவதுபோல் இன்னொரு தோழி பேசுவதில்லை.

இரண்டு விஷயங்களை அங்கிருந்து கற்கலாம். அகப்பாட்டில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது: 'சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்'. தலைவிக்குப் பெயரில்லை, ஆகவே அவள் எந்த ஒரு புலவருக்கும் சொந்தமில்லை, எல்லோரும் எடுத்துப் பாடலாம். ஒரு கட்டுப்பாடே பொது உரிமையைத் தந்துவிடுகிறது. அடுத்தது, 'உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே' என்று எதை வளைக்கலாம் என்பதையும் அதே நூல் சொல்லிவிடுகிறது. ஒரு நிலத்துக்குரிய உணர்வைத் தவிர மற்றவை கலந்து வரலாம். உங்கள் கையேட்டிலும் எந்த விதி இறுகியது, எந்த விதி வளையும் என்று குறித்து வையுங்கள். எல்லா விதியும் ஒரே கனத்தில் நின்றால் எழுதுபவர் எல்லாவற்றுக்கும் பயப்படுவார்.

உலகத்தை உருவாக்கினது நான். கடைசி வார்த்தை என்னோடதுதானே?

ஆமாம், உலகத்தைப் பற்றிய கடைசி வார்த்தை உங்களுடையது. யாராவது ஒருவரிடம் அது இருக்கத்தான் வேண்டும், உருவாக்கியவரிடம் இருப்பது இயல்பு. ஆனால் அதன் எல்லையையும் சேர்த்து எழுதுங்கள். எதை மறுக்கலாம், எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும், காரணத்தை எழுத வேண்டுமா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் கதை ஏற்கப்பட்டதாக வைத்துக்கொள்ளலாம் என்பது நல்ல வழக்கம். முடிவு சொல்லாமல் மாதக்கணக்கில் கிடப்பில் போடுவது மறுப்பதைவிடக் கொடியது.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் கதையையும் வேறொருவர் சரிபார்க்க வேண்டும். நிறுவியவர் தன் விதியைத் தானே மீறினால் அந்த விதி அன்றோடு முடிந்தது. மற்றவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், எழுதுவதை நிறுத்திவிடுவார்கள்.

என் பாத்திரத்தை இன்னொருத்தர் எடுத்து எழுதினா வயிறு எரியுது. தடுக்கலாமா?

தடுக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல ஆண்டுகளாக மனதில் சுமந்த ஒருத்தியை இன்னொருவர் வாய்க்கு வந்தபடி பேசவைத்தால் வலிக்கத்தான் செய்யும். பாத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்: 'தொட வேண்டாம்', 'கேட்டுவிட்டுத் தொடலாம்', 'யாரும் எடுக்கலாம்'. 'வைல்டு கார்ட்ஸ்' எழுத்தாளர்களுக்கு அவரவர் பாத்திரம் அவரவருக்கே சொந்தம். இன்னொருவர் அதைப் பயன்படுத்தினால் உருவாக்கியவருக்கு வருமானத்தில் பங்கும் போகும்.

நான் பரிந்துரைப்பது ஒரு நடுவழி. பிறர் பாத்திரத்தை வெளியிலிருந்து மட்டும் காட்டுங்கள். வேம்பி என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். அவள் மனதுக்குள் நுழைந்து என்ன நினைத்தாள் என்று எழுதும் உரிமை அவளை உருவாக்கியவருக்கு மட்டும். இந்த ஒரு விதி முக்கால்வாசிச் சச்சரவைத் தீர்த்துவிடும். பாத்திரத்துக்கும் நல்லதுதான், மற்றவர்கள் கதைகளில் வேம்பி கொஞ்சம் புரியாதவளாகவே நடமாடுவாள்.

கேட்காமலேயே ஒரு பாத்திரத்தைக் கொன்னுட்டா?

அந்தக் கதை வெளிவரக் கூடாது. 'தீவ்ஸ் வேர்ல்டு' எழுத்தாளர்கள் ஒருவர் பாத்திரத்தை இன்னொருவர் தாராளமாக இரவல் வாங்கினார்கள், ஆனால் உருவாக்கியவர் சம்மதமின்றி யாரையும் கொல்லக் கூடாது என்பது அங்கே ஏற்பாடு. மரணம் மட்டுமில்லை, திரும்பப் பெற முடியாத எதுவும் இதே வகைதான். குழந்தை பிறப்பது, கை போவது, ஒளித்து வைத்த ரகசியம் வெளியாவது எல்லாவற்றுக்கும் எழுத்தில் சம்மதம் வேண்டும்.

எழுத்தில் சம்மதம் என்றால் நட்புக்கு இடமில்லையோ என்று நினைக்க வேண்டாம். 1935-இல் ராபர்ட் பிளாக் என்ற இளம் எழுத்தாளர், லவ்கிராஃப்டின் சாயலில் ஒரு பாத்திரத்தைத் தன் கதையில் கொல்ல விரும்பி அவரிடமே அனுமதி கேட்டார். லவ்கிராஃப்ட் பத்திரம் போலவே ஒரு கடிதம் எழுதி அனுமதி கொடுத்தார். அதில் சாட்சிகளாகக் கையெழுத்திட்டவர்கள் அந்த நண்பர் வட்டம் உண்டாக்கிய கற்பனைப் பாத்திரங்கள். பிறகு அவரும் தன் கதை ஒன்றில் ராபர்ட் பிளேக் என்ற ஒருவரைக் கொன்று கணக்கைத் தீர்த்தார். அனுமதி கேட்பதே அங்கே விளையாட்டின் ஒரு பகுதியாக இருந்தது.

ரெண்டு கதை ஒண்ணுக்கொண்ணு முரணா இருக்கு. எது சரி?

முதலில் எந்த வகை முரண் என்று பாருங்கள். ஒருவர் வேம்பியைக் கருமி என்கிறார், இன்னொருவர் வாரி வழங்குபவள் என்கிறார் என்றால் அது முரணே இல்லை. இரண்டு பேர் அவளை இரண்டு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். 'தீவ்ஸ் வேர்ல்டு' தொகுப்பிலேயே ஆஸ்பிரின் வாசகருக்கு இதைச் சொல்லிவிட்டார்: கதைகளுக்கு நடுவே தெரியும் சிறு வேறுபாடுகள் பிழைகள் அல்ல, ஒவ்வொரு கதையும் ஒவ்வொருவர் பார்வையில் சொல்லப்படுகிறது, மனிதர்கள் ஒரே சம்பவத்தை வேறுவேறாகத்தான் காண்கிறார்கள் என்று. பத்துப் பக்க விதி செய்யாத வேலையை இந்தச் சிறு குறிப்பு செய்துவிட்டது.

சரிபார்க்கக்கூடிய உண்மையில் முரண் வந்தால், முதலில் வெளிவந்தது நிற்கட்டும். இதற்காகக் காலவரிசைக்கென்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு, நாள், சம்பவம், எந்தக் கதை என்று நான்கு கட்டம் போதும். புதுக் கதை ஏற்கப்பட்ட அன்றே அதில் ஏற்றிவிட வேண்டும், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது நடக்காது.

கதை பிரமாதம், ஆனா விதியை மீறுது. என்ன பண்றது?

பொறுப்பாசிரியர் வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த கட்டம் இது. ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம். ஒருவர் கதை அனுப்புகிறார். வேம்பியின் அண்ணன் இறந்து பதினோரு மாதம். ஏழாம் மதகுக்கு அருகே நள்ளிரவில் படகை நிறுத்திவிட்டு அவள் அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறாள். "தண்ணீருக்குள்ளிருந்து அவள் அண்ணன் குரல் கேட்டது: வந்துட்டேன்." படிக்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால் மேலே பார்த்த விதிப்படி இறந்தவர் பதில் சொல்லக் கூடாது.

மறுத்துவிடலாம், ஒரு நல்ல கதை போய்விடும். விட்டுவிடலாம், நாளைக்கு எல்லாப் பிணமும் பேசத் தொடங்கும். நான் அனுப்பும் குறிப்பு இப்படி இருக்கும்: "குரல் இருக்கட்டும். அது யாருடையது என்று கதை சொல்ல வேண்டாம்." திருத்திய பிறகு அந்த இடம்: "'வந்துட்டேன்' என்று ஒரு குரல். மதகுக்கு அந்தப் பக்கம் வேறு படகுகளும் நின்றிருந்தன. வேம்பி திரும்பிப் பார்க்கவில்லை." இப்போது விதியும் உடையவில்லை, கதையும் சாகவில்லை. அவள் என்ன நம்பினாள் என்பதைக் கதை சொல்லவில்லை என்பதால், மனதுக்குள் நுழையக் கூடாது என்ற விதியும் காப்பாற்றப்பட்டது. என்னைக் கேட்டால் இரண்டாவது வடிவம் இன்னும் அதிகம் உறுத்துகிறது. உலகத்தின் உண்மையாக வந்த ஒன்றை ஒரு பாத்திரத்தின் அனுபவமாக மாற்ற முடியுமா என்று எப்போதும் முதலில் பாருங்கள். பெரும்பாலும் முடியும்.

முடியாவிட்டால், அந்தக் கதைக்காக விதியை மாற்றலாமா என்று குழுவாக யோசியுங்கள். மாற்றுவதென்றால் எல்லோருக்கும் மாற்றுங்கள். ஒருவருக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் மற்றவர்கள் அதை மறக்கவே மாட்டார்கள்.

விதி எதையும் மீறலை, ஆனா நம்ம உலகம் மாதிரியே இல்லை. மறுக்கலாமா?

முன்கூட்டியே சொல்லியிருந்தால் மறுக்கலாம். உலகத்தின் தொனியைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே நாலு வரியில் எழுதி வைக்க வேண்டும். வன்முறை எதுவரை, எதெல்லாம் அறவே கூடாது என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். சொல்லியிருக்காவிட்டால் அந்தக் கதையை ஏற்றுக்கொண்டு, அதற்குப் பிறகு விதியை எழுதுங்கள். 'மாதிரி இல்லை' என்பதற்கு எதிராக யாராலும் வாதாட முடியாது என்பதே அதன் ஆபத்து. மதகூரில் இதுவரை நகைச்சுவைக் கதை வரவில்லை என்பதால் வரக் கூடாது என்றாகிவிடாது.

வாக்கெடுப்பு வச்சுட்டா எல்லாருக்கும் நியாயம்தானே?

வாக்கு, எது பிடித்திருக்கிறது என்பதைச் சொல்லும். எது பொருந்துகிறது என்பதைச் சொல்லாது. 'எஸ்சிபி ஃபவுண்டேஷன்' வாக்கை நம்பி நடக்கிறது. மதிப்பெண் கழித்தல் பத்துக்கு இறங்கிய படைப்பு நீக்கத்துக்கு உரியதாகிவிடும். அது அங்கே ஓடுவதற்குக் காரணம், எல்லோரையும் கட்டுப்படுத்தும் ஒரே அதிகாரபூர்வ வரலாறு, அதாவது கேனன், அங்கே கிடையாது. ஒன்றோடொன்று முரண்படும் கதைகள் அருகருகே நிற்கலாம். ஆகவே வாக்கெடுப்பு தரத்தை மட்டும் பார்த்தால் போதும்.

உங்களுக்கு ஒரே வரலாறு வேண்டும் என்றால், உலகத்தின் உண்மைகளை வாக்குக்கு விடாதீர்கள். அதிலும் ஐந்து பேர் குழுவில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்பவர்கள் எப்போதும் அதே இரண்டு பேராக இருந்தால் குழு நெடுநாள் தாங்காது.

திருத்தம் சொன்னா கோபப்படறாங்க. எப்படிச் சொல்றது?

ஒவ்வொரு குறிப்புக்கும் முன்னால் ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்: 'உலகம்' அல்லது 'கருத்து'. 'உலகம்' என்று வருவதை எழுதியவர் திருத்தியே ஆக வேண்டும். 'கருத்து' என்று வருவதை எடுத்துக்கொள்ளலாம், விடலாம், விளக்கம்கூடச் சொல்ல வேண்டாம். "உலகம்: ஐந்தாம் மதகு அந்த ஆண்டு இன்னும் கட்டப்படவில்லை." "கருத்து: கடைசிப் பத்தி இல்லாமலே கதை முடிந்துவிட்டதாகத் தோன்றுகிறது."

கோபம் வருவது பெரும்பாலும் திருத்தத்தால் இல்லை, எது கட்டளை, எது ஆலோசனை என்று தெரியாததால். இந்த வழக்கம் பொறுப்பாசிரியரையும் ஒழுங்குபடுத்தும். 'உலகம்' என்று எழுதப் போய்க் கை நின்றால், அது உங்கள் ரசனைதான் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒரே ஆள் பத்துக் கதை எழுதி உலகத்தையே அவர் பக்கம் இழுத்துட்டார். தடுக்கணுமா?

அவர் உழைப்பைத் தடுக்க வேண்டாம், அவர் நிலைநிறுத்தும் உண்மைகளுக்கு அளவு வையுங்கள். ஒரு கதை உலகத்துக்குள் இரண்டு புதிய உண்மைகளை மட்டும் கொண்டுவரலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு புதிய ஊர், ஒரு புதிய சட்டம், ஒரு பழைய போர் என்று எதுவாகவும் இருக்கலாம். மற்றபடி எத்தனை கதை வேண்டுமானாலும் எழுதட்டும். இப்படிச் செய்தால் உழைப்பவர் தண்டிக்கப்பட மாட்டார், மெதுவாக எழுதுபவருக்கும் இடம் மிச்சமிருக்கும். வரைபடத்தில் சில பகுதிகளை வரப்போகிறவர்களுக்கென்று வெற்றாக விட்டு வைப்பதும் நல்லது.

புதுசா வர்றவங்க எல்லாக் கதையையும் படிச்சிருக்கணுமா?

வேண்டாம். கையேடு, தொனி தெரிய மூன்று கதைகள், காலவரிசைக் கோப்பு. அப்புறம் யாரும் இன்னும் தொடாத விஷயங்களின் பட்டியல் ஒன்று. கடைசியாகச் சொன்னதுதான் வருகிறவரை உட்காரவைத்து எழுதவைக்கும்.

பழைய கதையில சொன்னதை இப்ப மாத்தலாமா?

மாற்றலாம், ஆனால் அரிதாக, வெளிப்படையாக. அந்தக் கதையை நம்பி வேறு யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், அவர்களிடம் கேளுங்கள். ஓசையில்லாமல் திருத்திவிட்டு எப்போதும் அப்படித்தான் இருந்தது என்று சொல்வது நம்பிக்கையைக் குலைத்துவிடும்.

பெரிய அளவில் இது நடந்ததற்கு 'ஸ்டார் வார்ஸ்' நாவல்கள் உதாரணம். பல எழுத்தாளர்கள் பல ஆண்டுகள் எழுதி வளர்த்த அந்த வரலாற்றை, புதிய படங்களை எடுப்பவர்களுக்குச் சுதந்திரம் வேண்டும் என்பதற்காக 2014-இல் 'லெஜெண்ட்ஸ்' என்று பெயரிட்டு அதிகாரபூர்வ வரலாற்றிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். 1999 நாவல் ஒன்றில் நிகழ்ந்த, படங்களில் வரும் சூபாக்கா என்ற பாத்திரத்தின் மரணமும் அதோடு விலகியது. ஒருவருக்குக் கிடைத்த சுதந்திரம் இன்னொருவர் எழுதியதன் தகுதியை மாற்றிவிட்டது. ஆனாலும் நூல்களை அழிக்காமல் தனிப் பெயரில் நிற்கவிட்டது சரியான செயல் என்பேன். உங்கள் குழுவிலும் ஒரு கதை வரலாற்றிலிருந்து விலக நேர்ந்தால், அதை நீக்காதீர்கள். 'ஊரில் சொல்லப்படும் கதைகள்' என்று ஒரு பகுதியில் வையுங்கள்.

காப்புரிமை யாருக்கு?

எழுதியவருக்கு. காப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் உள்ள நாடுகளில், அதாவது உலகின் பெரும்பாலான நாடுகளில், எழுதியவுடனேயே காப்புரிமை வந்துவிடும், பதிவு செய்யத் தேவையில்லை. வெறும் எண்ணத்துக்குக் காப்புரிமை கிடையாது, எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான் உண்டு. ஆகவே 'உலகம் என்னுடையது' என்று வாயால் சொன்னால் போதாது. யார் எதை, எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று முதல் கதைக்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

இலவசமாகப் பகிர்வதென்றால், சொன்ன நிபந்தனைகளோடு யாரும் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் வசதியானது. 'எஸ்சிபி'-யில் எழுதுபவர்கள் எல்லோரும் ஒரே உரிமத்தில் எழுதுகிறார்கள்: பெயர் குறிப்பிட வேண்டும், அதே உரிமத்தில் பகிர வேண்டும், விற்பனைக்கும் தடையில்லை. படங்களில் கவனமாக இருங்கள். அங்கேயே முதலில் எழுதப்பட்ட, 173 என்ற எண் கொண்ட பதிவில் இருந்த படம் ஜப்பானியக் கலைஞர் ஒருவரின் சிற்பத்துடையது, அந்த உரிமத்துக்குள் வராதது. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். பணம் புரளப் போகிறது என்றால் உரிமங்களோடு நிற்காமல் வழக்கறிஞர் ஒருவரை வைத்து ஒப்பந்தம் போடுங்கள்.

கோவிச்சுக்கிட்டு, என் கதை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போறேன்னு ஒருத்தர் சொல்றார்.

ஒருவர் விலகினால் அவர் எழுதியது என்னாகும் என்று மேலே சொன்ன கேள்விக்கு முன்பே பதில் எழுதி வைத்திருந்தால், அதன்படி செய்யுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருந்தால் அதைத் திரும்பப் பெற முடியாது, சட்டப்படி கதை நிற்கலாம். எதுவுமே எழுதி வைக்கவில்லை என்றால் அவர் கதைகளை அவர் கேட்டபடி இறக்கிவிடுங்கள். இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

உலகத்தில் நடந்த சம்பவங்கள் வேறு. அவர் கதையில் மூன்றாம் மதகு இடிந்தது, அதை வைத்து நாலு பேர் எழுதிவிட்டார்கள் என்றால், மதகு இடிந்தே இருக்கட்டும். அவர் பாத்திரங்கள் ஊரைவிட்டுப் போய்விட்டதாக வைத்துக்கொள்ளலாம். பழிவாங்குவதுபோல் அவர்களை மோசமாகச் சித்திரிக்க மட்டும் விடாதீர்கள்.

எல்லாத்தையும் பார்த்துக்கற ஒருத்தர் திடீர்னு இல்லாம போயிட்டா?

இதை யாரும் யோசிக்க விரும்புவதில்லை. அமெரிக்க எழுத்தாளர் எரிக் ஃபிளின்ட் 2000-இல் வெளியிட்ட '1632' நாவலின் உலகத்தை வாசகர்களுக்கும் திறந்துவிட்டார். அவர்கள் எழுதிய கதைகளுக்கென்றே 'கிராண்ட்வில் கெசட்' என்ற இதழ் பல ஆண்டுகள் வந்தது. 2022 ஜூலையில் அவர் காலமானார், அடுத்த சில வாரங்களிலேயே இதழும் நின்றுபோனது. இத்தனை பேர் உழைப்பு நிறைந்த இடத்துக்கே அப்படி என்றால், சிறு குழுக்களின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இன்றே இரண்டாம் ஆளை முடிவு செய்யுங்கள். கடவுச்சொற்கள், கையேடு, காலவரிசை எல்லாம் இரண்டு பேரிடமாவது இருக்க வேண்டும். உலகத்தைப் பற்றிய கடைசி வார்த்தை இப்போது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்பவருக்குப் பிறகு யாருக்கு என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

எவ்வளவு பேசியும் ஒத்துவரல. உலகத்தைப் பிரிச்சுக்கலாமா?

தாராளமாக. பிராண்டிப் பிள்ளைகள் விஷயத்தில் மூத்தவர்கள் சார்லட்டும் பிரான்வெல்லுமே கதையை நடத்திக்கொண்டிருந்தார்கள். 1831 வாக்கில் இளையவர்கள் எமிலியும் ஆனும் விலகி, கோண்டல் என்று தங்களுக்கென்று ஒரு தீவை உண்டாக்கிக்கொண்டார்கள். எமிலி கடைசிவரை அதில் எழுதினார். 1846-இல் சகோதரிகளின் கவிதை நூல் வந்தபோது, அவருடைய சில கோண்டல் கவிதைகளும் அந்த உலகத்தின் அடையாளங்கள் நீக்கப்பட்டு அதில் இடம்பெற்றன. விலகியிருக்காவிட்டால் அந்தக் கவிதைகள் பிறந்திருக்குமா என்று நான் யோசிப்பதுண்டு.

பிரிவதென்றால் ஒரு தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை நடந்தது இரு பக்கத்துக்கும் பொது, அதற்குப் பிறகு நடப்பது அவரவருக்கு. பெயரை யார் வைத்துக்கொள்வது என்பதை முதலில் தீருங்கள். மற்றவர் தம் பகுதிக்கு வேறு பெயர் வைத்து, எங்கிருந்து கிளைத்தது என்பதை முதல் பக்கத்தில் குறிப்பிட்டால் போதும். 'கேட்டுவிட்டுத் தொடலாம்' என்று குறித்த பாத்திரங்களுக்கு, இரு பக்கமும் போக முடியுமா என்று உருவாக்கியவரிடம் இன்னொரு முறை கேட்டுவிடுங்கள்.